ஒன்பதாயிரத்து எண்ணூறு சுற்று

கிருஷ்ணம்மா எண்ணாத பொருள் என்று ஜொகூர் மாநிலத்தின் மாசாய் வட்டாரத்தில் அநேகமாக எதுவும் கிடையாது. அடுக்குமாடியில் ஏறினால் படிகளை எண்ணுவாள். துணி காயப் போட்டால் கிளிப்பை எண்ணுவாள். கோயிலைச் சுற்றும்போது சுற்றை எண்ணுவது பக்தியால் அல்ல, பழக்கத்தால். இருபத்து நான்கு வருடமாக அவள் பார்க்கும் வேலை அப்படி. பாசிர் கூடாங்கில் செம்புக் கம்பிச் சுருள், அதாவது காயில், சுற்றும் தொழிற்சாலை ஒன்றில் மாதிரி அறைக்குப் பொறுப்பாளர் அவள். கீழ்த்தளத்தில் நாற்பது இயந்திரங்கள் தாமாகவே சுற்றித் தள்ளிக்கொண்டிருக்கும். ஆனால் வாடிக்கையாளர் புதிதாக ஒரு சுருள் கேட்டால் முதல் பத்தைக் கையால் சுற்றிப் பார்த்து, எத்தனை சுற்று, எவ்வளவு இழுவை என்று முடிவு கட்டி எழுதிக் கொடுப்பவள் கிருஷ்ணம்மாதான். தலைமுடியைவிட மெல்லிய கம்பி. கொஞ்சம் கூடுதலாக இழுத்தால் அறுந்துவிடும், தளர விட்டால் தொப்பை போட்டுவிடும். அந்த இழுவை எவ்வளவு என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது, ஆள்காட்டி விரலைத்தான் காட்டுவாள். அங்கே எல்லோருக்கும் அவள் "காக் கிரிஸ்", மலாயில் கிரிஸ் அக்கா.

கல்யாணம்கூட எண்ணிக்கையில்தான் தொடங்கியது. சிகாமட் பக்கம் ஒரு எஸ்டேட்டில் பிறந்து, பத்தொன்பது வயதில் வேலைக்கு வந்து, எட்டுப் பெண்களோடு ஓர் அறையில் தங்கியிருந்த காலம் அது. பக்கத்துத் தொழிற்சாலையின் ஆண்டு விருந்துக்கு இவர்களையும் அழைத்திருந்தார்கள். மேடையில் ஒல்லியாக ஒருவன் கிட்டார் வாசித்தான். பிறகு சாப்பாட்டு வரிசையில் அவளுக்குப் பின்னால் வந்து நின்றான். கிருஷ்ணம்மா திரும்பிப் பார்த்து, "அந்த மூணாவது பாட்டுல பல்லவிய ஏழு தடவ வாசிச்சிட்டீங்க. மத்த பாட்டுக்கெல்லாம் அஞ்சுதான்" என்றாள்.

சபாபதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாடகர் அடுத்த வரியை மறந்து விழித்ததால் இரண்டு தடவை கூடுதலாக வாசித்துச் சமாளித்திருந்தான். மண்டபத்தில் இருந்த முந்நூறு பேரில் அதைக் கண்டுபிடித்தவள் இவள் ஒருத்திதான். இப்படிப்பட்டவளை வெளியே விட்டு வைக்கக்கூடாது என்று நினைத்தானோ என்னவோ, அடுத்த வருடமே தாலி கட்டிவிட்டான்.

சபாபதிக்கு இரும்புத் தகட்டை அடித்து வளைக்கும் ஆலையில் வேலை. அவன் நிற்கும் இடத்துக்கு இடது பக்கம் தகடு அடிக்கும் பெரிய இயந்திரம். மூன்று நொடிக்கு ஓர் அடி, நாள் முழுவதும். காதுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லி மஞ்சள் நிறப் பஞ்சு அடைப்பான்களை மாதாமாதம் பெட்டியில் கொடுப்பார்கள். அதையெல்லாம் அவன் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் போட்டுவிடுவான். "மெஷின் தப்பா அடிச்சா எனக்குக் காதுலதான்லா தெரியும். அத அடைச்சுட்டு எப்படி வேல பாக்குறது?" என்று பெருமை வேறு.

வாரம் முழுக்க அவன் உழைப்பது சனிக்கிழமைக்காக. சனிக்கிழமை மத்தியானம் அம்பிகைபாகன் வாத்தியார் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் நவஒலி இசைக்குழு ஒத்திகை பார்க்கும். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற வாத்தியார்தான் தலைவர், கீபோர்டும் அவரே. டோலக் கனகராஜ், இரண்டு பாடகர்கள், கிட்டார் சபாபதி. கல்யாணம், அறுபதாம் கல்யாணம், கோயில் நிதி விருந்து என்று ஜொகூர் முழுக்கச் சுற்றி வாசித்து இருபத்து மூன்று வருடம் ஆகிவிட்டது. அவனை அந்தக் குழுவிலிருந்து எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும் என்று கிருஷ்ணம்மா யோசித்துப் பார்த்ததில்லை. யோசிக்க வேண்டி வரும் என்றும் நினைக்கவில்லை.

வம்பு ஒரு நீல நிறக் கிட்டாரோடு வந்தது. பழைய கிட்டாரின் கழுத்து வளைந்துபோனதால் இணையத்தில் மலிவு விற்பனையில் புதிதாக ஒன்றை வாங்கினான். பெயர் தெரியாத கம்பெனி. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. வாசிக்கத் தொடங்கிய முதல் நாளே, "சத்தத்துல வெளிச்சமே இல்ல கிச்சா. போர்வைக்குள்ள இருந்து வாசிக்கிற மாதிரி இருக்கு" என்றான்.

பிறகு தொடங்கியது வைத்தியம். கம்பிகளை மாற்றினான். ஒயர்களை மாற்றினான். கிட்டாருக்கு மேலே மூன்று பட்டைகள் வரிசையாக இருக்குமே, பிக்அப் என்பார்கள், கம்பியின் அதிர்வைப் பிடித்து மின்சாரமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புபவை, அதில் ஒன்றைக் கழற்றிவிட்டு வேறொன்றை வரவழைத்துப் போட்டான். எதுவும் ஒத்துவரவில்லை. கடைசியில் சத்தம் சரியாகாத கோபத்தில் நிறத்தையாவது மாற்றுவோம் என்று கார் பெயிண்டை வாங்கி, மேற்பூச்சைத் தேய்க்காமலேயே அதன் மேல் அடித்தான். அரை மணி நேரத்தில் பெயிண்ட் சுருங்கி, சுட்ட கத்தரிக்காய்த் தோல் மாதிரி ஆகிவிட்டது. கிருஷ்ணம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவன் கோபித்துக்கொண்டு இரண்டு வேளை சாப்பிடவில்லை, மூன்றாவது வேளை இரண்டு தட்டுச் சாப்பிட்டான்.

ஆனால் மேடையில் அது சிரிப்பாக இல்லை. வெளிச்சம் போதவில்லை என்று அவன் கிட்டாரின் சத்தக் குமிழ்களையெல்லாம் கடைசிவரை திருகி வைத்துக்கொண்டு வாசிப்பான். கேட்கிறவர்களுக்கோ பல் கூசும். உலு திராமில் ஓர் அறுபதாம் கல்யாணத்தில் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு முதியவர் தன் காதுக்கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சபாபதி மட்டும் கண்ணை மூடி, இன்னும் கொஞ்சம் வெளிச்சம் வேண்டும் என்ற முகத்தோடு வாசித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த சனிக்கிழமை ஒத்திகை முடிந்ததும் வாத்தியார் புருஷன் பெண்சாதி இரண்டு பேரையும் உட்கார வைத்தார். நல்ல மனிதர். பேச்சைத் தொடங்குவதற்குள் மூக்குக் கண்ணாடியை மூன்று தடவை துடைத்தார்.

"சபா, கோவிச்சுக்காத. இப்போ கல்யாண வீட்டுக்காரங்களே என்கிட்ட சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க. தங்காக்ல இன்னும் மூணு வாரத்துல ரிசெப்ஷன் இருக்கு. அது வரைக்கும் பாப்போம். அதுக்கப்புறமும் இப்படியே இருந்துச்சுன்னா, கீபோர்டுலேயே கிட்டார் சத்தம் இருக்குதானே, அத வச்சு நான் ஓட்டிக்கிறேன்."

சபாபதி தலையாட்டினான். வீடு வந்து சேரும்வரை காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் காரில் பேசாமல் வருவது கிருஷ்ணம்மாவுக்குப் புதிதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மூன்று வருடமாக அவர்கள் வீட்டில் பேச்சு வற்றிக்கொண்டே வந்திருந்தது. மகள் ரூபினி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன பிறகு வீட்டில் இரண்டே பேர். இவள் சமையலறையிலிருந்து "என்னங்க" என்பாள். பதில் இருக்காது. இன்னொரு "என்னங்க". அவன் பாட்டுக்குத் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பான். எல்லாவற்றையும்விட ஒன்று அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு, மாதிரி அறைக்குப் பொறுப்பாளர் ஆக்கிய அன்று, கூலாய்க்குப் போகும் வழியில் காரில் வைத்து அந்தச் சேதியை அவனிடம் சொன்னாள். தோட்டத்தில் பிறந்தவளுக்கு அது சின்னச் சேதி இல்லை. அவன் "ம்" என்று சொல்லிவிட்டு ரேடியோவைச் சத்தமாக வைத்தான். அவள் ஒன்பது நாள் அவனோடு பேசவில்லை. எண்ணித்தான் இருந்தாள். அதைவிடக் கொடுமை, அவள் பேசாமல் இருக்கிறாள் என்பதே அவனுக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை.

அப்படிப்பட்டவன் அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் கிட்டாரைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, "கிச்சா, நீ ஒரு உதவி செய்யணும்" என்றான். "இந்த பிக்அப்பும் உன் காயில் மாதிரிதான். காந்தம், அதச் சுத்தி கம்பி. நீயே சுத்திக் கொடு. ஆறாயிரம் சுத்து போதும். சுத்து கொறஞ்சா வெளிச்சம் கூடுமாம், யூடியூப்ல சொல்றான்."

அவன் குரலில் அவ்வளவு கெஞ்சல் இருந்து அவள் கேட்டதில்லை. முள்ளை நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு, "பாக்குறேங்க" என்றாள்.

தொழிற்சாலையில் ஒரு குண்டூசியைக்கூடத் தொடாதவள் அவள். மேலாளரிடம் விஷயத்தைச் சொல்லி, குப்பைக்குப் போகவிருந்த ஒரு மிச்சக் கம்பி உருளையைக் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே கேட் பாஸில் கையெழுத்துப் போட்டு, தன் செலவில் ஒரு மெழுகுவர்த்திக் கட்டையும் கொடுத்தார். காயிலை மெழுகில் ஊற வைக்காவிட்டால் ஸ்பீக்கர் பக்கத்தில் கீச்சிடும் என்று அவருக்கும் தெரிந்திருந்தது. உலகத்தில் நல்லவர்களுக்குப் பஞ்சமில்லை என்று நினைத்துக்கொண்டே அவள் பேருந்து ஏறினாள்.

அந்த வாரம் சபாபதிக்கு மத்தியான ஷிப்ட். அவளுக்கு மூன்று மணிக்கே வேலை முடிந்துவிடும். பிக்அப்பை அளந்து பார்ப்பதற்காகக் கிட்டார்ப் பையைத் திறந்தாள். பக்கவாட்டு அறையில் பிரிக்காத உறை ஒன்று இருந்தது. அவன் ஆலையின் பெயர். மேலே "இரகசியம்" என்று மலாயில் முத்திரை. வேலைக்கே ஆபத்தோ என்று அவளுக்குத் தோன்றியது. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, இந்த மனுஷனிடம் எனக்கு என்ன இரகசியம் என்று கிழித்துவிட்டாள்.

உள்ளே வருடாந்தரச் செவிப் பரிசோதனையின் முடிவு. ஆலைக்கே வேன் கொண்டுவந்து எல்லோருக்கும் செய்வார்கள். அதில் ஒரு வரைபடம். வரைபடம் பார்ப்பது அவளுக்குத் தினமும் செய்யும் வேலை. இடது காதுக்கு ஒரு கோடு, வலது காதுக்கு ஒரு கோடு. தாழ்ந்த சத்தங்களில் இரண்டும் சமமாகப் போய், உயர்ந்த சத்தங்கள் வந்ததும் படிக்கட்டில் தவறி விழுந்த மாதிரி சரிந்தன. வலதுகூடப் பரவாயில்லை. இடது அதலபாதாளத்தில் கிடந்தது. கீழே எழுதியிருந்தார்கள்: கூர்மையான சத்தங்களும் மெல்லிய குரல்களும் கேட்பதில் குறைபாடு. செவி மருத்துவரைப் பார்க்க வேண்டும். தேதியும் போட்டிருந்தது. தங்காக் ரிசெப்ஷனுக்கு அடுத்த செவ்வாய்.

கிருஷ்ணம்மா அலமாரியைத் திறந்து, அவன் போட்டு வைத்திருந்த மஞ்சள் அடைப்பான்களில் இரண்டை எடுத்துத் தன் காதுகளில் திணித்துக்கொண்டாள். சமையலறைக் குழாயைத் திறந்தாள். தண்ணீர் விழுந்தது, சலசலப்பு இல்லை. மேசையில் தொலைபேசி மினுமினுத்தது, மணி கேட்கவில்லை. "என்னங்க" என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அது யாரோ சுவருக்கு அந்தப் பக்கம் முனகுவது போல இருந்தது.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். பாவம் இந்த மனுஷன் என்று கொஞ்ச நேரம் அழுதாள். அதற்குப் பிறகு வந்த அழுகை வேறு. மூன்று வருடமாக அவள் நினைத்திருந்தது தப்பு. அவன் அவளை ஒதுக்கவில்லை. சலித்துப் போகவில்லை. அவள் குரல் அவனிடம் போய்ச் சேரவே இல்லை, அவ்வளவுதான். கெட்டது காது, மனசு இல்லை. இப்படி ஒரு கெட்ட சேதிக்கு யாராவது சாமிக்கு நன்றி சொல்வார்களா? கிருஷ்ணம்மா சொன்னாள். பூஜை மேடையில் விளக்கேற்றி வைத்து, வாய்விட்டே சொன்னாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கணக்குப் போட்டாள். இதை இப்போதே சொன்னால் அவன் தானாகவே கிட்டாரைத் தூக்கி வைத்துவிடுவான். காது கேட்காதவன் எப்படி வாசிப்பது என்று வாத்தியாரிடம் அவனே போய்ச் சொல்லிவிடுவான், ஆளை அவளுக்குத் தெரியாதா? தங்காக் முடியட்டும், செவ்வாய்க்கு முன்னால் சொல்லிவிடலாம். அதற்குள் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. கூர்மையான சத்தத்தைத்தான் அவன் காது தொலைத்திருந்தது. இல்லாத கூர்மையைத் தேடித்தான் அவன் குமிழைத் திருகிக்கொண்டே இருந்திருக்கிறான். கூர்மையைக் கூட்டிப் பயனில்லை. காதில் இன்னும் மிச்சமிருக்கும் இடத்துக்குச் சத்தத்தை இறக்கிக் கொண்டுவர வேண்டும். சுற்றைக் குறைத்தால் கூர்மை. சுற்றைக் கூட்டினால் சத்தம் தாழ்ந்து, தடித்து, நடுவில் வந்து உட்காரும். கிட்டாரைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் காயிலைப் பற்றி அவளுக்கு யூடியூப் சொல்லித்தர வேண்டியதில்லை.

தையல் இயந்திரத்தின் பக்கச் சக்கரத்தில், பழைய கம்பியைப் பிரித்தெடுத்த பிக்அப்பை இரட்டை ஒட்டும் டேப்பால் பொருத்தினாள். சக்கரத்தில் ஒரு சின்னக் காந்தம், அதற்கு எதிரே ஒரு காந்த சுவிட்ச், அதிலிருந்து பழைய கால்குலேட்டருக்கு இரண்டு ஒயர். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் கால்குலேட்டரில் ஒன்று கூடும். காலால் மிதியை லேசாக அழுத்தி, ஆள்காட்டி விரலுக்கும் கட்டை விரலுக்கும் நடுவே கம்பியை ஓடவிட்டாள்.

எட்டாயிரத்து ஐந்நூறில் நிறுத்தி, கிட்டாரில் பொருத்தி, ஸ்பீக்கரில் இணைத்து, அடைப்பான்களைக் காதில் வைத்துக்கொண்டு கம்பியைத் தட்டிப் பார்த்தாள். முன்பு வெறும் டக் டக் என்றது, இப்போது கொஞ்சம் சத்தம் இருந்தது. போதாது. கழற்றி மறுபடி சுற்றினாள். ஒன்பதாயிரத்தில் இன்னும் கொஞ்சம். ஒன்பதாயிரத்து எண்ணூறில் கம்பியைத் தட்டியபோது, அடைத்த காதுக்குள்ளும் அது நன்றாக, முழுசாக வந்தது. அடைப்பானைக் கழற்றிவிட்டுக் கேட்டாள். கூச்சம் இல்லை, பனங்கற்கண்டுப் பால் மாதிரி இதமாக இறங்கியது. அவனுக்கும் கேட்க வேண்டும், அவனுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களும் பிழைக்க வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்திருந்தன. மற்ற இரண்டு பிக்அப்பையும் அதே கணக்கில் சுற்றி, மூன்றையும் மெழுகில் ஊற வைத்து எடுக்க மூன்று நாள் ஆனது. நடுவில் ஒன்று ஆறாயிரத்து சொச்சத்தில் அறுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சபாபதி கிட்டாரை மாட்டிக்கொண்டு முதல் தட்டுத் தட்டினான். கை அப்படியே நின்றது. மறுபடி தட்டினான். பிறகு பத்து நிமிடம் நிறுத்தவே இல்லை. நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"வெளிச்சம்னா இதான்லா வெளிச்சம்!" என்றான். "அலமாக், ஒவ்வொரு கம்பியும் தனித்தனியா கேக்குது. ஆறாயிரம்தானே சுத்துன?"

"எண்ணித்தாங்க சுத்தினேன்" என்றாள் கிருஷ்ணம்மா. பொய் இல்லை.

சத்தம் வந்துவிட்டது, கிட்டாரின் முகம்தான் இன்னும் சுட்ட கத்தரிக்காய். போன தீபாவளிக்குத் தங்காக் ஜவுளிக்கடையில் ரவிக்கைக்கென்று எடுத்து, தைக்காமலே கிடந்த துணி ஒன்று அவளிடம் இருந்தது. மயில் கழுத்து நிறம், நெடுகப் பொடிப் பொடியாகத் தங்கப் பூ. அதைக் கிட்டாரின் மேல் விரித்துப் பார்த்தாள்.

"என்ன, கிட்டாருக்கு ஜாக்கெட் தைக்கப் போறியா?" என்றான் சபாபதி.

"நீங்க அடிச்ச பெயிண்டுக்கு இது எவ்வளவோ மேலு."

ஜரிகையில் மின்சாரம் ஓடுமோ என்று மீட்டர் வைத்துச் சோதித்தாள். ஓடவில்லை. மரப் பசையால் துணியைச் சுருக்கமில்லாமல் ஒட்டினாள். சபாபதி ஓரங்களைப் பிளேடால் நறுக்கி, மேலே தெளிந்த வார்னிஷ் நான்கு பூச்சு அடித்தான். இந்தத் தடவை ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே ஒழுங்காகத் தேய்த்தான். பால்கனியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இருவரும் வேலை செய்தார்கள். அவள் அவனுக்கு வலது பக்கமாக உட்கார்ந்து, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். இது என்ன புது மாயம் என்று அவன் யோசிக்கவில்லை. அவள் மட்டும் ஒவ்வொரு பதிலையும் பிரசாதம் மாதிரி வாங்கிக்கொண்டாள்.

தங்காக்கில் மத்தியான விருந்து. மண்டபத்துக்குள் கிட்டாரைப் பார்த்ததும் வாத்தியார், "என்ன சபா, கல்யாணத்துக்குக் கிட்டாரும் பட்டு உடுத்திட்டு வந்திருக்கு?" என்றார். சிரித்தாலும் அவர் முகத்தில் பயம் தெரிந்தது. கிருஷ்ணம்மா மேசைகளை எண்ணத் தொடங்கினாள். வீட்டில் கேட்டது இந்தப் பெரிய கூடத்தில் கேட்குமா? நானூறு பேர் பேச்சு, தட்டுச் சத்தம், டோலக்.

முதல் பாட்டில் கிட்டார் தனியாக வரும் இடம் வந்தது. சபாபதியின் கை வழக்கம்போலக் குமிழை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்று, திரும்பி வந்தது. அவனுக்குக் கேட்டுவிட்டது. தடித்த, இளஞ்சூடான சத்தம் மண்டபத்தில் பரவியது. ஒரு பிள்ளைகூடக் காதைப் பொத்தவில்லை. கனகராஜ் டோலக்கை அடித்துக்கொண்டே அவனைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினான். மூன்றாவது பாட்டில் வாத்தியார் தன் கீபோர்டிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டு, நீயே வாசி என்று சைகை காட்டினார். சபாபதி பல்லவியை ஏழு தடவை வாசித்தான். அவள் எண்ணிக்கொண்டிருப்பாள் என்று தெரிந்தே வாசித்தான்.

விருந்து முடிந்ததும் வாத்தியார் கிருஷ்ணம்மாவிடம் வந்தார். "நீங்கதான் சுத்தினீங்கன்னு சொன்னான். என் வயசுல இப்படி ஒரு சத்தத்த நான் கேக்கணும்னு இருந்திருக்கு. நன்றிம்மா." பிறகு சபாபதியின் தோளைத் தட்டி, "அடுத்த மாசம் மூணு கல்யாணம் இருக்கு. ஒழுங்கா வந்து சேரு" என்றார்.

திரும்பும் வழியில் பாகோ நெடுஞ்சாலை ஓய்விடத்தில் காரை நிறுத்தித் தேநீர் வாங்கினார்கள். வெயில் இறங்காத பின்மத்தியானம். சபாபதி இன்னும் மேடையிலேயே இருந்தான். கிருஷ்ணம்மா அவனுக்கு வலது பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கைப்பையிலிருந்து உறையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"ஆறாயிரம் இல்லைங்க. ஒன்பதாயிரத்து எண்ணூறு. ஏன்னு இதுல இருக்கு. பிரிச்சதுக்கு மன்னிச்சுக்குங்க."

அவன் தாளை நெடுநேரம் பார்த்தான். தேநீரில் ஆடை படிந்தது.

"போன வருஷம் பாஸ் பண்ணேனே," என்றான் மெதுவாக. "அதுக்கு முந்தின வருஷமும்."

"எப்படிங்க?"

சபாபதி கழுத்தைச் சொறிந்தான். "அந்த வேன்ல காதுல ஒன்ன மாட்டிவிட்டு, பீப் கேட்டா பட்டன அமுக்கச் சொல்வாங்க. எப்பவும் வர்ற ஆளு சீரா நாலு எண்ணிக்கைக்கு ஒரு பீப் விடுவாரு. எனக்கு ரெண்டு நிமிஷத்துல பிடிபட்டுரும். கேக்குதோ கேக்கலையோ, நாலாவது தட்டுல அமுக்கிருவேன்."

"ஏங்க அப்படி?"

"தாளம் தப்பக்கூடாதுல்ல. கை தானா அமுக்குது, நான் என்ன செய்ய? இந்த வருஷம் ஒரு புதுப் பொண்ணு. அதுக்குத் தாளமே இல்ல. நெனச்ச நேரத்துக்கு விடுது. வேல தெரியாத பொண்ணு போலன்னு நெனச்சேன்."

கிருஷ்ணம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவனும் சிரித்தான். தாளம் தெரியாத அந்தப் பெண் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று அவள் மனதார வாழ்த்தினாள். சிரித்து முடிந்ததும் அவன் தாளை மடித்து, மடித்த இடத்தை விரலால் நீவிக்கொண்டே கேட்டான்.

"அப்போ நீ வீட்டுல கூப்பிட்டதெல்லாம்…"

"ம்."

"எத்தன தடவ கூப்பிட்டிருப்ப?"

"அத மட்டும் எண்ணலைங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நான் என்ன நெனச்சேன் தெரியுமா? ரூபினி போனதுல இருந்து நீதான் என்கிட்ட பேசுறத விட்டுட்டியோன்னு நெனச்சேன். இன்-சார்ஜ் ஆனதக்கூட நீ சொல்லல. கனகராஜ் ஒரு நாள் வாழ்த்து சொன்னான், அப்பதான் எனக்கே தெரியும். அவன் முன்னால தெரிஞ்ச மாதிரி சிரிச்சேன். மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு கிச்சா."

"சொன்னேங்க. மொதல் ஆளா உங்ககிட்டத்தான் சொன்னேன். கார்ல. கூலாய் ரோட்டுல."

சபாபதி நிமிர்ந்து பார்த்தான். எதையோ மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பவன் போல இருந்தான். கார் ஓட்டும்போது அவனுக்கு இடது பக்கம்தான் அவள் உட்காருவாள். இத்தனை வருடமும் அந்தப் பாழாய்ப் போன இடது காதிடம்தான் அவள் பேசிக்கொண்டு வந்திருக்கிறாள். அவன் எழுந்து, பையிலிருந்து கார் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"நீ ஓட்டு" என்றான்.

"களைப்பா இருக்கா?"

"இல்ல. வலது காது பரவாயில்லன்னு போட்டிருக்கு. நீ ஓட்டு, நான் இந்தப் பக்கம் உக்காந்துக்குறேன். மாசாய் போய்ச் சேர இன்னும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல இருக்கு."

கிட்டார் பின்னிருக்கையில் மயில் கழுத்து நிறத்தில் படுத்திருந்தது. கிருஷ்ணம்மா காரை நெடுஞ்சாலையில் ஏற்றினாள். மூன்று வருடப் பேச்சில் எதை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை. பிறகு சாலையைப் பார்த்தபடியே, அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தைகளில் சொன்னாள்.

"என்னங்க, மாதிரி ரூமுக்கு என்னைய இன்-சார்ஜ் ஆக்கிட்டாங்க."

சபாபதி கையை நீட்டி ரேடியோவை அணைத்தான். "அப்படியா!" என்று அவள் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தான். "எப்படி ஆச்சு? மொதல்ல இருந்து சொல்லு."